11-க்கு எதிராக 52: கருப்பையின் மீதான அதிகாரமும் மாநிலச் சட்டமன்றங்களும்



நினைவுச் சொற்பொழிவு என்றால் மறைந்தவரின் பெருமைகளை அடுக்கிச் சொல்லிவிட்டு மாலை போட்டு முடிப்பது பொதுவழக்கம். நம்முடைய மேடைகளில் நாம் வேறொன்றைப் பழகியிருக்கிறோம். மறக்கடிக்கப்பட்ட ஒரு நிகழ்வை எடுத்துவைத்து, அது ஏன் மறக்கடிக்கப்பட்டது என்று கேட்பதுதான் நமக்கு நினைவுகூர்தல். இன்று அப்படி ஒரு வாக்கெடுப்பை எடுத்துக்கொள்கிறோம். பாபாசாகேப் அம்பேத்கரைப் பற்றி நாம் நிறையப் பேசுகிறோம். மகத் குளத்தையும் பூனா ஒப்பந்தத்தையும் அரசியல் சட்டத்தையும் இந்து சட்டத் தொகுப்பு மசோதாவையும் பேசுகிறோம். 1938 நவம்பர் 10 அன்று பம்பாய் மாகாணச் சட்டமன்றத்தில் நடந்ததைப் பேசுவதில்லை.

அன்று சுதந்திரத் தொழிலாளர் கட்சியின் உறுப்பினர் பி. ஜே. ரோஹம் அவையில் ஒரு தீர்மானத்தைக் கொண்டுவந்தார். மாகாண அரசு மக்களிடையே கருத்தடை குறித்துத் தீவிரமாகப் பிரச்சாரம் செய்ய வேண்டும், அதைக் கடைப்பிடிப்பதற்குப் போதுமான வசதிகளையும் செய்துதர வேண்டும் என்பது அதன் சாரம். உரையை எழுதியவர் அம்பேத்கர். அவர் அன்று அவையில் இல்லாததால் ரோஹம் வாசித்தார். வாக்கெடுப்பு நடந்தது. ஆதரவாக 11, எதிராக 52. தீர்மானம் தோற்றது.

அந்த வாரத்தை நாம் கொஞ்சம் கவனிக்க வேண்டும். மூன்று நாட்களுக்கு முன்னால், நவம்பர் 7 அன்று, காங்கிரஸ் அமைச்சரவை கொண்டுவந்த தொழில் தகராறு மசோதாவை எதிர்த்து பம்பாய் ஆலைத் தொழிலாளர்கள் ஒருநாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அம்பேத்கரின் கட்சியும் கம்யூனிஸ்டுகளும் சேர்ந்து நடத்திய வேலைநிறுத்தம் அது. ஆலை வாசலில் நின்ற அதே கட்சிதான் மூன்றாம் நாள் சட்டமன்றத்தில் பெண்ணின் கருப்பையைப் பற்றிப் பேசியது. கூலியும் வேலைநேரமும் அரசியல், பிள்ளைப்பேறு வீட்டு விவகாரம் என்று அந்தக் கட்சி பிரித்துப் பார்க்கவில்லை. அந்தப் பிரிவினை பிற்பாடு நம் இயக்கங்களுக்குள் வந்து சேர்ந்தது.

உரையில் என்ன இருந்தது? அடுத்தடுத்த பிரசவங்கள் பெண்ணின் உடம்பைத் தின்றுவிடுகின்றன. எந்தக் காரணத்துக்காகவேனும் ஒரு பெண்ணுக்குப் பிள்ளை பெற விருப்பமில்லை என்றால் அதைத் தடுத்துக்கொள்ளும் நிலையில் அவள் இருக்க வேண்டும். பெறுவதும் பெறாததும் முற்றிலும் அவளுடைய தேர்வாக இருக்க வேண்டும் என்று அது வாதிட்டது. பிரசவ வேதனையை ஆண்கள் அனுபவிக்க நேர்ந்தால் ஒரு பிள்ளைக்கு மேல் எவனும் சம்மதிக்க மாட்டான் என்று அவையிலிருந்த ஆண்களின் முகத்துக்கு நேராகச் சொன்னது. கருத்தடை ஒழுக்கத்தைக் கெடுக்கும் என்ற வாதத்துக்கும் பதில் சொன்னது.

அந்த உரையில் இன்னொரு இழையும் இருக்கிறது. அதை மறைத்துப் பேசுவது நேர்மையாகாது. மக்கள்தொகை பெருகுகிறது, நாட்டின் வறுமைக்கு அது ஒரு காரணம், அளவான குடும்பமே மீட்சிக்கு வழி என்ற வாதமும் அதில் உண்டு. அக்காலத்துப் பொருளாதாரப் படிப்பாளிகள் பலரும் பேசிய வாதம்தான் அது. ஆக, ஒரே உரையில் இரண்டு குரல்கள் இருந்தன. பெண்ணின் விருப்பம் ஒன்று, தேசத்தின் எண்ணிக்கை மற்றொன்று. அடுத்த அரை நூற்றாண்டில் அரசு இரண்டாவதை எடுத்துக்கொண்டு முதலாவதைக் கழற்றிவிட்டது. இந்த உரை அதன் கதை.

கருப்பையும் சாதியும்

கருப்பை ஏன் சட்டமன்றத்துக்கு வந்தது என்று கேட்பதற்கு முன், அது எப்போது சட்டத்துக்குள் வந்தது என்று பார்க்க வேண்டும். 1860இல் பிரிட்டிஷ் அரசு கொண்டுவந்த இந்திய தண்டனைச் சட்டத்தின் 312ஆம் பிரிவு கருவைக் கலைப்பதைக் குற்றமாக்கியது. தாயின் உயிரைக் காக்க நல்லெண்ணத்தில் செய்தாலொழியக் கலைத்தவருக்குத் தண்டனை. தன் கருவைத் தானே கலைத்துக்கொண்ட பெண்ணும் குற்றவாளிதான்.

மூன்று ஆண்டுகள் கழித்து, 1863இல், புனேவில் ஜோதிராவ் பூலேவும் சாவித்ரிபாய் பூலேவும் சிசுக்கொலைத் தடுப்பு இல்லம் ஒன்றைத் தொடங்கினார்கள். யாருக்காக? மறுமணம் மறுக்கப்பட்டு, வீட்டு ஆண்களாலேயே கர்ப்பமாக்கப்பட்டு, பிறகு பழியைத் தனியாகச் சுமந்த பார்ப்பன விதவைகளுக்காக. அவர்கள் இரகசியமாக வந்து பிள்ளை பெற்றுவிட்டுப் போகலாம். அப்படிப் பிறந்த குழந்தைகளில் ஒருவரான யஷ்வந்தைப் பூலே தம்பதியர் தங்கள் மகனாகத் தத்தெடுத்துக்கொண்டார்கள். சூத்திரக் குடும்பம் ஒன்று பார்ப்பன விதவையின் பிள்ளையை வளர்த்த கதை இது. இந்நாட்டில் பெண்ணின் கருவுரிமை வரலாற்றை எழுதுகிறவர்கள் இங்கிருந்து தொடங்குவது அரிது.

1881இல் சூரத்தைச் சேர்ந்த விஜயலட்சுமி என்ற பார்ப்பன விதவைக்குத் தன் சிசுவைக் கொன்றதற்காக மரண தண்டனை விதிக்கப்பட்டது. மேல்முறையீட்டில்தான் அது குறைந்தது. பத்திரிகைகள் பெண்களின் ஒழுக்கக்கேட்டைப் பற்றி எழுதிக் குவித்தன. அந்த எரிச்சலில் 1882இல் சத்தியசோதக மரபிலிருந்து வந்த தாராபாய் ஷிண்டே 'ஸ்திரீ புருஷ துலனா' என்ற நூலை எழுதினார். ஆணையும் பெண்ணையும் தராசில் வைத்துப் பார்த்த நூல் அது. அந்தப் பெண் தனியாகவா கர்ப்பமானாள் என்பதே அதன் அடியில் ஓடும் கேள்வி.

1916இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் வாசித்த சாதி குறித்த கட்டுரையில் அம்பேத்கர் இதற்குக் கோட்பாட்டு விளக்கம் கொடுத்தார். சாதி என்பது அகமணம். அகமணம் நிலைக்க வேண்டுமானால் பெண்ணைக் காவலில் வைக்க வேண்டும். சதி, கட்டாய விதவைக் கோலம், குழந்தை மணம் மூன்றும் அந்தக் காவலின் வடிவங்கள். இதை நாம் ஏற்றுக்கொண்டால் ஒரு முடிவு தானாகவே வருகிறது: சாதியின் நுழைவாயில் பெண்ணின் கருப்பை. யாருடைய பிள்ளையை அவள் சுமக்கலாம், சுமக்கக்கூடாது என்பதில்தான் சாதி உயிர்வாழ்கிறது. இன்றும் சாதி மீறிக் காதலித்த பெண் கர்ப்பமானால் முதலில் அவளைத் தூக்கிக்கொண்டு போகிற இடம் எது என்று நம் ஊர்களில் எல்லோருக்கும் தெரியும். அவளுக்கு வேண்டாத கருவைக் கலைக்க வசதியில்லாத நாட்டில், அவள் விரும்பும் கருவைக் கலைக்க மட்டும் வசதி கிடைத்துவிடுகிறது.

இந்தப் பின்னணியில் பார்த்தால் 1938 தீர்மானம் திடீரென்று முளைத்ததாகத் தெரியாது. 1928 ஜூலையில் பம்பாய் சட்டசபையில் ஆலைப் பெண்களுக்கான பேறுகால உதவி மசோதாவை அம்பேத்கர் ஆதரித்துப் பேசினார். பிரசவத்துக்கு முன்னும் பின்னும் தாய்க்கு ஓய்வு கிடைப்பது நாட்டின் நலன், அதன் சுமையை முதலாளியும் அரசும் ஏற்க வேண்டும் என்றார். அடுத்த ஆண்டு அது சட்டமானது. 1934இல் 'சமாஜ் ஸ்வாஸ்த்ய' இதழை நடத்திவந்த ரகுநாத் தோண்டோ கார்வே மீது ஆபாச வழக்கு வந்தபோது அம்பேத்கர்தான் அவருக்காக வாதாடினார். பாலுறவு பற்றியும் கருத்தடை பற்றியும் வாசகர்கள் கேட்ட கேள்விகளுக்குப் பதில் எழுதியதே கார்வே செய்த குற்றம். வழக்கு தோற்றது. 1942 ஜூலையில் நாக்பூரில் கூடிய தாழ்த்தப்பட்ட வகுப்புப் பெண்கள் மாநாட்டுக்கு சுலோசனா டோங்ரே தலைமை தாங்கினார். விவாகரத்து உரிமையையும் பலதார மணத் தடையையும் ஆலைப் பெண்களுக்கான வசதிகளையும் அம்மாநாடு கேட்டது. அவசரப்பட்டுக் கல்யாணம் செய்யாதீர்கள், அளவுக்கு மீறிப் பிள்ளைகளைப் பெறாதீர்கள் என்று அங்கே ஆயிரக்கணக்கில் திரண்டிருந்த பெண்களிடம் அம்பேத்கர் பேசினார்.

சென்னையில் கேட்ட குரல்கள்

அதே காலத்தில் சென்னை மாகாணத்திலும் இந்தப் பேச்சு நடந்தது. 1928இல் சென்னையில் நியோ மால்தூசியன் லீக் என்ற அமைப்பு தொடங்கப்பட்டது. நீதிபதி வேப்பா இராமேசம் போன்ற உயர்மட்டப் பார்ப்பனர்கள் அதன் முன்னணியில் இருந்தார்கள். மக்கள்தொகை பெருகுவதே அவர்களுடைய கவலை. ஏழைகள் அதிகம் பெறுகிறார்கள் என்று அவர்கள் பேசியபோது, அந்த ஏழைகளிடம் யாரும் எதையும் கேட்கவில்லை.

1930இல் பெரியார் 'குடி அரசு' இதழில் இதற்கு நேர் எதிர்த் திசையிலிருந்து எழுதினார். பெண்ணின் உடல்நலத்துக்காகவும், குடும்பச் சொத்து சிதறாமல் இருக்கவும், நாட்டின் வறுமை தீரவும் கருத்தடை வேண்டும் என்று மற்றவர்கள் சொல்கிறார்கள். நாம் வேண்டுவது பெண்கள் விடுதலை அடைவதற்காக என்று அவர் பிரித்துக் காட்டினார். 'பெண் ஏன் அடிமையானாள்?' நூலில் அக்கட்டுரை இருக்கிறது. மாணவ நண்பர்கள் அதையும் அம்பேத்கரின் 1938 உரையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்க வேண்டும். பம்பாயும் ஈரோடும் ஒரே இடத்தைத் தொட்டது தெரியும்.

ஆனால் அரசுப் பணம் வந்தபோது அது பெரியாரின் வழியில் வரவில்லை. லீக்கின் வழியில்தான் வந்தது.

அரசு எடுத்துக்கொண்ட பாதி

1951 மக்கள்தொகைக் கணக்கெடுப்பை நடத்தியவர் ஆர். ஏ. கோபாலசாமி. மூன்று அல்லது அதற்கு மேல் பிள்ளை பெற்று, அதில் ஒன்றாவது உயிரோடு இருக்கும்போது மீண்டும் பெறுவதைப் பொறுப்பற்ற தாய்மை என்ற பொருளில் ஒரு பெயர் சூட்டி அவர் அறிக்கை எழுதினார். குழந்தைகள் சாவதைப் பார்த்துப் பார்த்து, எது தங்கும் என்று தெரியாமல் பெற்ற நம் பாட்டிமாருக்கு அரசு வைத்த பெயர் அது. பின்னாளில் அவரே சென்னை மாநிலத்தின் தலைமைச் செயலாளர் ஆனார். 1950களின் பிற்பகுதியில், கருத்தடை அறுவை செய்துகொள்ளும் ஏழைகளுக்குப் பணம் கொடுக்கும் திட்டத்தைச் சென்னை மாநிலம் தொடங்கியது. ஆளைப் பிடித்துக்கொண்டு வருகிறவருக்கும் தனியாகக் கூலி கொடுக்கப்பட்டது. இந்தியாவிலேயே இதில் முன்னோடி நம் மாநிலம்தான்.

இந்த ஏற்பாட்டை நாம் கூர்ந்து பார்க்க வேண்டும். பணத்தைப் பெறுபவர் பசியில் இருக்கிறார். கூட்டிவருபவருக்குத் தலைக்கு இவ்வளவு என்று கூலி. மருத்துவமனைக்கு இத்தனை பேர் என்று இலக்கு. இதில் விருப்பம் என்பது எங்கே இருக்கிறது? சம்மதக் கையெழுத்து இருக்கும், கைநாட்டு இருக்கும். வேலையில்லாத மாதத்தில் அரிசிக்குக் காசில்லாதவன் போட்ட கைநாட்டைச் சம்மதம் என்று சொல்வதற்கு அரசுக்குத்தான் மனம் வரும்.

1971 ஜூலையில் கேரளத்தின் எர்ணாகுளத்தில் நடந்த ஒரே முகாமில் 60,000-க்கும் மேற்பட்ட ஆண்களுக்குக் கருத்தடை அறுவை செய்யப்பட்டது. பணமும் பரிசுப் பொருள்களும் கொடுத்துத் திருவிழாபோல் நடத்தினார்கள். அடுத்த மாதமே, 1971 ஆகஸ்டில், நாடாளுமன்றம் மருத்துவக் கருக்கலைப்புச் சட்டத்தை நிறைவேற்றியது. இந்த இரண்டையும் சேர்த்துப் படிப்பது நமக்கு அவசியம்.

கருக்கலைப்புச் சட்டத்துக்கு அடித்தளமிட்ட குழு 1964இல் அமைக்கப்பட்டது. அதன் தலைவர் மகாராஷ்டிர சுகாதார அமைச்சர் சாந்திலால் ஷா. எருக்கங்குச்சியையும் நாட்டு மருந்தையும் நம்பிச் செத்துக்கொண்டிருந்த பெண்களைப் பற்றிய உண்மையான கவலை அக்குழுவுக்கு இருந்தது. அதை நாம் மறுக்க வேண்டியதில்லை. ஆனால் சட்டம் எப்படி எழுதப்பட்டது என்று பாருங்கள். கலைப்பது பெண்ணின் உரிமை என்று அது எங்கும் சொல்லவில்லை. மருத்துவர் நல்லெண்ணத்தில் கருதினால் அவர் செய்யலாம், செய்தால் அவருக்குத் தண்டனை இல்லை என்று மட்டும் சொன்னது. 12 வாரம் வரை ஒரு மருத்துவரின் கருத்து, அதற்கு மேல் 20 வாரம் வரை இரண்டு மருத்துவர்களின் கருத்து. கருத்தடைச் சாதனம் பலன் தராமல் உண்டான கருவைக் கலைக்கவும் வழி வைத்தது. அதிலும் திருமணமான பெண்ணோ அவள் கணவனோ பிள்ளைகளின் எண்ணிக்கையை மட்டுப்படுத்த முயன்றிருக்க வேண்டும் என்றது. 312ஆம் பிரிவு அப்படியே இருந்தது. குற்றம் குற்றமாகவே நின்றது, அதில் ஒரு கதவு மட்டும் திறக்கப்பட்டது. சாவியை மருத்துவர் கையில் கொடுத்தார்கள்.

அதே சட்டமன்றம்

1976 ஏப்ரலில், நெருக்கடிநிலையின் நடுவில், தேசிய மக்கள்தொகைக் கொள்கை அறிவிக்கப்பட்டது. மாநிலத் திட்டங்களுக்கு மத்திய அரசு தரும் உதவியில் 8 விழுக்காடு குடும்பக் கட்டுப்பாட்டுச் சாதனையோடு கட்டப்பட்டது. விரும்பும் மாநிலங்கள் கட்டாயக் கருத்தடைச் சட்டம் போட்டுக்கொள்ளலாம் என்றும் அனுமதி கிடைத்தது. அதே ஆண்டின் 42ஆம் அரசியல் சட்டத் திருத்தம் மக்கள்தொகைக் கட்டுப்பாட்டைப் பொதுப்பட்டியலில் சேர்த்தது.

உடனே முன்வந்தது மகாராஷ்டிரம். மூன்று பிள்ளைகளுக்கு மேல் போகாமல் கட்டாயமாகக் கருத்தடை செய்ய வகைசெய்யும் மசோதாவை 1976இல் அதன் சட்டமன்றம் நிறைவேற்றியது. குடியரசுத் தலைவரின் ஒப்புதல் கிடைக்காததால்தான் அது நடைமுறைக்கு வரவில்லை.

தோழர்களே, இங்கே கொஞ்சம் நிற்போம். 1938இல் பம்பாய் சட்டமன்றம் எதை நிராகரித்தது? விரும்பும் பெண்ணுக்கு அரசு வசதி செய்து தரட்டும் என்ற கோரிக்கையை. 38 ஆண்டுகள் கழித்து அதன் வாரிசான சட்டமன்றம் எதை ஏற்றது? விரும்பாதவரையும் அரசு அறுக்கட்டும் என்ற சட்டத்தை. கருத்தடை ஒழுக்கக்கேடு என்பதே எதிர்ப்புக்கு மெய்யான காரணமாக இருந்திருந்தால் இரண்டாவதையும் எதிர்த்திருக்க வேண்டும். எதிர்க்கவில்லை. முடிவு யார் கையில் இருக்கிறது என்பதுதான் பிரச்சினை. பெண் கையில் என்றால் 52 பேர் எழுந்து நின்றார்கள். அரசின் கையில் என்றால் அவை நிறைவேற்றியது.

1976-77ஆம் ஆண்டில் மட்டும் நாடு முழுவதும் 80 லட்சத்துக்கும் அதிகமான கருத்தடை அறுவைகள் நடந்தன. இலக்கை எட்டாத ஆசிரியர்களின் சம்பளம் நிறுத்தப்பட்டது. ஹரியானாவின் உத்தாவர் கிராமத்தைக் காவல்துறை சுற்றி வளைத்தது. பிறகு விசாரித்த ஷா ஆணையம், மணமாகாதவர்களை அறுத்ததாக வந்த நூற்றுக்கணக்கான புகார்களையும், 1,700-க்கும் மேற்பட்ட மரணப் புகார்களையும் பதிவு செய்தது. பிடிபட்டவர்கள் யார்? நிலமில்லாதவர்கள், குடிசைவாசிகள், முஸ்லிம்கள், தலித்துகள். எதிர்த்துக் கேட்க ஆளில்லாதவர்கள்.

கத்தி இடம் மாறியது

1977 தேர்தலில் இந்த அட்டூழியத்துக்கு மக்கள் தண்டனை கொடுத்தார்கள். ஆட்சி போனது. அதிலிருந்து அரசியல்வாதிகள் கற்ற பாடம் விசித்திரமானது. ஆண்களைத் தொட்டால் ஓட்டு போகும் என்று புரிந்துகொண்டார்கள். கட்டாயம் என்ற சொல்லை விட்டார்கள். குடும்ப நலம் என்று துறையின் பெயரை மாற்றினார்கள். கத்தி பெண்கள் பக்கம் திரும்பியது. 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, மணமான பெண்களில் 37.9 விழுக்காட்டினர் கருத்தடை அறுவை செய்துகொண்டவர்கள். ஆண்களின் அறுவை 0.3 விழுக்காடு. ஆணுக்குச் செய்வது எளிது, ஆபத்தும் குறைவு என்பதை எந்த மருத்துவரும் சொல்வார். அப்படியிருந்தும் கணக்கு இப்படி.

நம் காலனிகளில் வளர்ந்தவர்களுக்கு இது புள்ளிவிவரமாகத் தெரியாது. ஜீப் வரும். நர்சம்மா வீடு வீடாக வந்து கணக்கெடுப்பார். அவருக்கும் மாதத்துக்கு இத்தனை 'கேஸ்' என்று மேலிருந்து நெருக்கடி. ஊர்த்தெருவில் போய் அதட்ட முடியாது, காலனியில் அதட்டலாம். இரண்டாவது பிரசவத்துக்குப் போன அம்மாக்கள், அத்தைகள், பெரியம்மாக்கள் பலர் இடுப்பில் கட்டோடு திரும்பினார்கள். மூன்றாம் நாள் நாற்று நடப் போனார்கள். வயிற்றுவலி என்று பிறகு சொன்னால், எல்லோருக்கும் இருக்கிறதுதான் என்ற பதில் வந்தது. அவர்களில் நிறையப் பேருக்குப் பிள்ளை போதும் என்ற எண்ணம் இருந்தது உண்மை. லூப், மாத்திரை, ஆணுக்குச் செய்யும் அறுவை என்று மற்ற வழிகளை எடுத்துவைத்து, உனக்கு எது வேண்டும் என்று அவர்களை யாரும் கேட்கவில்லை என்பதும் உண்மை.

பணத்தின் கதையும் இதோடு சேர்ந்ததுதான். தமிழ்நாட்டில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டம் இரண்டு பிரசவங்களோடு நின்றுவிடுகிறது. 1992இல் வந்த பெண் குழந்தை பாதுகாப்புத் திட்டம், பெற்றோரில் ஒருவர் கருத்தடை அறுவை செய்திருக்க வேண்டும் என்று நிபந்தனை வைத்தது. 2017இல் மத்திய அரசு தொடங்கிய பேறுகால உதவித் திட்டம் முதல் பிள்ளைக்கு மட்டும் என்று தொடங்கியது. மூன்றாவதாகக் கருவுற்ற கூலிக்காரப் பெண்ணுக்குத்தான் சத்தும் ஓய்வும் அதிகம் தேவை. நிதி அவளைத்தான் முதலில் வெளியே தள்ளுகிறது. 1928இல் அம்பேத்கர் ஆதரித்தது தாய்க்கு நிபந்தனையாகப் போடப்பட்ட பிச்சையை அல்ல. உழைக்கும் பெண்ணின் உரிமையை.

அடுத்தது பஞ்சாயத்து. 73ஆம் திருத்தம் 1993இல் நடைமுறைக்கு வந்தபோது தலித் பெண்கள் முதன்முதலாகத் தலைவர் நாற்காலியில் உட்கார வழி பிறந்தது. ஏறக்குறைய அதே ஆண்டுகளில் ராஜஸ்தான், ஹரியானா, ஆந்திரம், ஒடிசா போன்ற மாநிலங்கள் இரண்டு பிள்ளைகளுக்கு மேல் பெற்றவர்கள் பஞ்சாயத்துத் தேர்தலில் நிற்கக்கூடாது என்று சட்டம் போட்டன. சட்டமன்ற உறுப்பினருக்கு அந்தத் தடை இல்லை. நாடாளுமன்ற உறுப்பினருக்கும் இல்லை. ஊராட்சி உறுப்பினருக்கு மட்டும். பதவி இழந்தவர்களில் தலித்துகளும் பழங்குடிகளும் பிற்படுத்தப்பட்டோரும்தான் மிகுதி என்று ஆய்வுகள் காட்டின. பதவிக்காகக் கருவைக் கலைக்கச் சொல்லப்பட்ட பெண்களும், பிள்ளையைத் தத்துக் கொடுத்ததாகக் கணக்குக் காட்டியவர்களும் உண்டு. 2003இல் ஹரியானா வழக்கில் உச்ச நீதிமன்றம் இச்சட்டத்தைச் செல்லும் என்றது. தமிழ்நாட்டில் அப்படி ஒரு சட்டம் வரவில்லை என்பது நமக்குக் கிடைத்த சிறு ஆறுதல்.

2014 நவம்பர் 8. சத்தீஸ்கரின் பிலாஸ்பூர் மாவட்டத்தில், புழக்கத்தில் இல்லாத ஒரு கட்டடத்தில் நடந்த முகாமில் சில மணி நேரத்தில் 83 பெண்களுக்கு அறுவை செய்யப்பட்டது. செய்தவர் ஒரே மருத்துவர். ஒரு நாளைக்கு 30 பேருக்கு மேல் செய்யக்கூடாது என்பது அரசின் விதி. பத்துக்கும் மேற்பட்ட பெண்கள் செத்துப்போனார்கள். தலித், பழங்குடி, பிற்படுத்தப்பட்ட வீடுகளின் இளம் தாய்மார்கள். அவர்களுக்குக் கிடைத்த தொகை 600 ரூபாய். 2016இல் தேவிகா பிஸ்வாஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் மூன்று ஆண்டுக்குள் இத்தகைய முகாம்களை நிறுத்த வேண்டும் என்று உத்தரவிட்டது. 1938 நவம்பருக்கும் 2014 நவம்பருக்கும் இடையில் 76 ஆண்டுகள். அந்த 11 வாக்குகள் 52 ஆகியிருந்தால் இந்தப் பெண்களின் கதை வேறாக இருந்திருக்குமா என்று உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் கேள்வி வேறாக இருந்திருக்கும். எத்தனை பேரை முடித்தாய் என்று மருத்துவரைக் கேட்பதற்குப் பதிலாக, உனக்கு என்ன வேண்டும் என்று அவளைக் கேட்டிருப்பார்கள்.

உரிமை எங்கே நிற்கிறது

கருக்கலைப்புச் சட்டம் 2021இல் திருத்தப்பட்டது. 20 வாரம் வரை ஒரு மருத்துவர் போதும். 24 வாரம் வரை சில வகைப் பெண்களுக்கு மட்டும், இரண்டு மருத்துவர்களின் கருத்தோடு. கணவன் என்ற சொல் இணையர் என்று மாறியது. 2022 செப்டம்பர் 29 அன்று உச்ச நீதிமன்றம், மணமாகாத பெண்ணுக்கும் 24 வாரம் வரையிலான வாய்ப்பு பொருந்தும் என்றது. இச்சட்டத்தைப் பொறுத்தவரை கணவன் செய்யும் வல்லுறவும் வல்லுறவே என்றது. இவை பெரிய முன்னேற்றங்கள், போராடிப் பெற்றவை. ஆனாலும் சாவி இன்னும் மருத்துவர் கையில்தான். 24 வாரம் தாண்டினால், கருவில் பெருங்குறை இருப்பதாக மாநில மருத்துவ வாரியம் சொன்னாலொழிய, வல்லுறவுக்கு ஆளான சிறுமியும் உயர் நீதிமன்றப் படியேற வேண்டும். 312ஆம் பிரிவு 2024 ஜூலையிலிருந்து புதிய நியாயச் சட்டத்தின் 88ஆம் பிரிவாகப் பெயர் மாறி உட்கார்ந்திருக்கிறது.

வயதுவந்த பெண்ணுக்கு அவளுடைய சம்மதம் மட்டும் போதும் என்று சட்டம் 1971இலிருந்தே சொல்கிறது. புருஷனைக் கூட்டிவா, கையெழுத்துப் போடச் சொல் என்று கேட்கும் வழக்கம் இன்னும் ஒழியவில்லை. கலைத்துவிடுகிறோம், கூடவே கு.க.வும் செய்துகொள் என்று பேரம் பேசும் வழக்கமும் ஒழியவில்லை. கருக்கலைப்புகளில் நான்கில் ஒன்றுக்கு மேல் பெண் தானே வீட்டில் செய்துகொள்வது என்று அதே 2019-21 ஆய்வு காட்டுகிறது. மருந்துக்கடை மாத்திரையும் பயமும்தான் துணை.

நம்மைப் போலவே இந்த இரண்டு பக்க அடியையும் வாங்கியவர்கள் அமெரிக்கக் கறுப்பினப் பெண்கள். அங்கே 1973இல் கருக்கலைப்பு உரிமையானது. 1976இல் ஹைட் திருத்தம் ஏழைகளுக்கான மருத்துவ உதவித் திட்டத்தின் மத்திய நிதியை அதற்குத் தர மறுத்தது. உரிமை ஏட்டில், பணம் பூட்டில். அதே 1970களில் தெற்கு மாநிலங்களில் கறுப்பினச் சிறுமிகளுக்கு அவர்களுக்கே தெரியாமல் கருத்தடை செய்யப்பட்டது அம்பலமானது. 2022 ஜூனில் அந்த நாட்டு உச்ச நீதிமன்றம் உரிமையையே மாநிலங்களின் கையில் கொடுத்துவிட்டது. 1994இல் சிகாகோவில் கூடிய கறுப்பினப் பெண்கள் இந்த அனுபவத்திலிருந்து இனப்பெருக்க நீதி என்ற கருத்தை முன்வைத்தார்கள். பிள்ளை பெறாமலிருக்கும் உரிமை, பெறும் உரிமை, பெற்ற பிள்ளையைப் பாதுகாப்பாக வளர்க்கும் உரிமை மூன்றும் சேர்ந்ததே நீதி. நமக்கு இது அந்நியமான பேச்சு அல்ல. 1928, 1938, 1942 மூன்று ஆண்டுகளையும் சேர்த்தால் அம்பேத்கர் இயக்கம் இதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது.

இப்போது காற்று மாறியிருக்கிறது. 1971 கணக்கெடுப்பின்படி உறைந்து நிற்கும் நாடாளுமன்றத் தொகுதிகள் திருத்தப்படலாம் என்ற அச்சத்தில், நேற்றுவரை இரண்டு போதும் என்ற தென்மாநிலத் தலைவர்கள் இன்று அதிகம் பெறுங்கள் என்று பேசுகிறார்கள். 2024இல் ஆந்திரம் தன் இரண்டு பிள்ளைத் தடைச் சட்டத்தை நீக்கியது. தடை போனது நல்லது. போன காரணம் நம்மை எச்சரிக்கிறது. அன்று எண்ணிக்கை குறைய வேண்டும் என்று நம் பெண்களின் வயிற்றைத் தொட்டார்கள். நாளை எண்ணிக்கை கூட வேண்டும் என்று தொடலாம். தொகுதி நியாயமாகப் பிரிக்கப்பட வேண்டும் என்று நாம் போராடுவோம். அதற்கான ஆயுதம் எங்கள் கருப்பை அல்ல என்று நம் பெண்கள் சொல்லும்போது அவர்களோடு நிற்போம்.

நம் இயக்கத் தோழர்களுக்கும் ஒரு சொல். குடும்பக் கட்டுப்பாடு என்றாலே நம் சனத்தொகையைக் குறைக்கும் சதி என்று பேசுகிற பழக்கம் நம்மிடையேயும் உண்டு. அரசு செய்த கொடுமையிலிருந்து பிறந்த சந்தேகம் அது, காரணமில்லாதது அல்ல. ஆனால் அந்தப் பேச்சும் பெண்ணைக் கேட்காமல் எண்ணிக்கையைப் பேசுகிற பேச்சுதான். ஒரு கூட்டத்தில் இதை முடிவெடுக்கும் முன் அங்கே எத்தனை பெண்கள் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று எண்ணிப் பார்ப்போம்.

மாணவ நண்பர்கள் ஒரு வேலை செய்யலாம். உங்கள் அம்மாவிடமோ பாட்டியிடமோ உட்கார்ந்து கேளுங்கள். எத்தனை பிரசவம், எத்தனை தங்கியது, ஆபரேஷன் எங்கே நடந்தது, யார் கூட்டிப்போனார்கள், உன்னை யாராவது கேட்டார்களா என்று கேட்டு எழுதி வையுங்கள். சட்டமன்றக் குறிப்பேடுகளில் 11, 52 என்ற எண்கள் இருக்கின்றன. நம் அம்மாக்களின் பதில்கள் எந்தக் குறிப்பேட்டிலும் இல்லை.

அந்த 11 பேரின் பக்கம் நிற்பவர்களாக நாம் இங்கே கூடியிருக்கிறோம். வாக்கெடுப்பு இன்னும் முடியவில்லை.

ஜெய்பீம்.